திடீர்ப் புகழ்: உடனே அடுத்த ஆல்பமா, நீண்ட இடைவெளியா?

சென்னையில் சொந்தப் பாடல்களோடு மேடையேறும் இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராத ராக் இசை) குழுக்களுக்கு, ஒரு வீடியோ பரவியதுமே பேட்டி அழைப்புகள் குவிந்துவிடும். அடுத்து என்ன?

1989இல் முதல் ஆல்பத்தால் கொண்டாடப்பட்ட இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர ராக் குழு ஸ்டோன் ரோசஸ், ஒலிப்பதிவு நிறுவனத்துடன் வழக்கில் சிக்கியது. இரண்டாவது ஆல்பம் 1994 டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் ரசிகர்களின் எதிர்பார்ப்பு எந்த ஆல்பமும் சுமக்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. 1996இல் குழு கலைந்தது.

ஷெஃபீல்டு நகரின் ஆர்க்டிக் மங்கீஸ் குழு 2006 ஜனவரியில் வெளியிட்ட முதல் ஆல்பம், பிரிட்டனில் அதுவரை எந்த அறிமுக ஆல்பமும் காணாத வேகத்தில் விற்றது. 2007 ஏப்ரலிலேயே அடுத்ததும் வந்துவிட்டது.

எனக்கு, உடனே அடுத்த ஆல்பம் தரும் ஆர்க்டிக் மங்கீஸின் வழிதான் சரி. சினிமாப் பாட்டே ஆளும் நம் ஊரில், கிடைத்த கவனம் சீக்கிரம் கரையும். தம்பி தங்கைகளே, பேட்டிகளைக் குறைத்து ஒத்திகைக்குத் திரும்புங்கள். வழக்கறிஞர் படிக்காத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள்.