தமிழ்த் தளத்துக்கு எது: வேர்ட்பிரஸா, ஜூம்லாவா, ட்ருபலா?

ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். பார்த்துக்கொள்ளப் போவது சம்பளம் வாங்காத மூன்று பேர். இப்படி ஒரு வேலை கைக்கு வந்தால், தளம் அமைத்து நடத்த உதவும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ருபல் மூன்றில் எதை எடுப்பது? மூன்றுமே ஜிபிஎல் உரிமத்தில் இலவசம், மூன்றுமே பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை. அதனால் விலையை வைத்து முடிவெடுக்க முடியாது.

நான் முதலில் பார்ப்பது தமிழ்த் தலைப்பை என்ன செய்கிறது என்பதைத்தான். 'தஞ்சாவூர் ஓவியங்களின் வரலாறு' என்று தலைப்பிட்டு வேர்ட்பிரஸில் சேமித்தால், அந்தப் பக்கத்தின் இணைய முகவரி 'தஞ்சாவூர்-ஓவியங்களின்-வர' என்று பாதியில் நின்றுவிடும். காரணம் எளிது. முகவரிக்கு அது ஒதுக்கும் இடம் 200. ஒரு தமிழ்க் குறி யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 இடம் பிடிப்பதால், ஒரு குறிக்கு 9 இடம் போகிறது. கால், கொம்பு, புள்ளி எல்லாமே தனித்தனிக் குறிகள். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே 5 குறி, 45 இடம்! தலைப்பு 22 குறியைத் தாண்டினாலே வெட்டு விழும். அந்த முகவரியை நகலெடுத்து யாருக்காவது அனுப்பினால், பல இடங்களில் சதவீதக் குறிகளின் நீண்ட வரிசையாகப் போய் விழும்.

ஜூம்லாவில் நிலைமை வேறு. வழக்கமான அமைப்பில் அது தமிழ் எழுத்துகளைக் கழித்துவிட்டு, எதுவும் மிஞ்சாததால் அன்றைய தேதியையும் நேரத்தையும் முகவரியாக வைக்கும். பொது அமைப்புகளில் யூனிகோட் அலியஸ் என்ற தேர்வை இயக்கினால் தமிழ் அப்படியே நிற்கும். ட்ருபலில் முதலில் வெறும் எண்தான் கிடைக்கும்; பாத்ஆட்டோ என்ற மாட்யூலை, அதாவது கூடுதல் நிரலைச் சேர்த்தால், தமிழை ரோமன் எழுத்தாக மாற்றியோ மாற்றாமலோ முகவரி அமைத்துக்கொள்ளலாம்.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தளம் வேண்டுமா? ஜூம்லாவும் ட்ருபலும் அதை உள்ளேயே வைத்திருக்கின்றன. வேர்ட்பிரஸுக்கு பாலிலாங் போன்ற செருகுநிரல், அதாவது தனியாகச் சேர்க்கும் கூடுதல் நிரல் தேவை.

இதழ்த் தொகுப்பு என்று வந்தால் என் மனம் ட்ருபல் பக்கம்தான் சாயும். ஆசிரியர், இதழ் எண், ஆண்டு, வகை என்று தனித்தனிப் புலங்கள் (தகவலை நிரப்பும் பெட்டிகள்) வைத்து, 'இவர் 1980-களில் எழுதிய கவிதைகள்' என்று ஒரு பட்டியல் எடுப்பது அதற்குக் கைவந்த கலை. ஜூம்லாவிலும் 2017 முதல் தனிப்புலங்கள் உண்டு. வேர்ட்பிரஸில் அதற்கும் பெரும்பாலும் ஒரு செருகுநிரலைத் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் ட்ருபலை வைத்துப் பராமரிப்பது லேசான காரியமில்லை. 7-ஆம் பதிப்பு 2011 ஜனவரியில் வந்தது. 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பு உள்ளுக்குள் அடியோடு மாறிவிட்டதால், பழைய தளங்களை மேம்படுத்துவது புதிதாகக் கட்டுவதற்குச் சமமானது. 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-இல் நின்றது. 2014 அக்டோபரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்கள் தாக்கப்பட்டதாகவே கருதுங்கள் என்று ட்ருபல் குழுவே அறிவித்தது. நிரல்களை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் கம்போசர் என்ற கருவியின் கட்டளைகள் தெரிந்த ஒருவர் எப்போதும் கூட இருந்தாக வேண்டும்.

ஜூம்லாவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யார் எதைத் திருத்தலாம் என்ற அனுமதி அமைப்பு அதில் அருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல் என்றால் பக்கத்தில் உதவ ஆள் கிடைப்பது வேர்ட்பிரஸுக்குத்தான். உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில் ஓடுகின்றன.

மூவரில் ஒருவருக்குக் கட்டளைவரி (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் முறை) பழக்கம் என்றால், அவர் சில ஆண்டாவது இருப்பார் என்றால், ட்ருபல். இல்லையென்றால் வேர்ட்பிரஸ், ஐந்தாறு செருகுநிரலுக்கு மேல் வேண்டாம். அப்புறம் முதல் கட்டுரையை ஏற்றும் முன்பே, முகவரிப் பெட்டியில் இதழ் எண்ணும் பக்க எண்ணும் மட்டும் கையால் இடுவது என்று மூன்று பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.