மானிட்டர் காலிபரேஷன்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட உஷார்

வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கம் ஆல்பம் டிசைன், கலர் கரெக்ஷன் வேலை பாக்கறவங்க தயவுசெஞ்சு படிங்க. காலிபரேஷன்னா, ஸ்கிரீன்ல தெரியற கலரை மீட்டர் வெச்சு அளந்து சரிபண்றது. "வீட்டுக்கே வந்து காலிபரேட் பண்ணித் தர்றோம், மூலையில அடிக்கிற டல்லையும் எடுத்துடுவோம்"னு சொல்லி என்கிட்ட 4,500 ரூபாய் வாங்கிட்டுப் போயிருக்காங்க. அதுல 2,000 'யூனிஃபார்மிட்டி கரெக்ஷன்'னு (ஸ்கிரீன் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தெரிய வைக்கிறது) தனியா பில்லு.

என்னோடது 27 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர். இடது ஓரம் லேசா ரோஸ் அடிக்கும், வலது கீழ்மூலை மங்கும். ஆல்பத்தை விரிச்சு வைக்கிறப்ப இடது பக்கம் பொண்ணு இருக்கும். ஸ்கிரீனை நம்பி அந்தப் பக்கம் சிவப்பைக் குறைச்சா, பிரிண்ட்ல முகம் பச்சை தட்டி வெளிறிப்போகுது, அரக்குக் கூரைப்புடவை மண் கலர்ல வருது. எந்தப் பொண்ணு வீட்டுல சும்மா விடுவாங்க?

வந்தவர் மானிட்டரை ஆன் பண்ண உடனே மீட்டரைத் தொங்கவிட்டார். பேனல் சூடாகி நிலைக்கு வர அரை மணி நேரமாவது ஓடணும். ஜன்னல் திரையைக்கூட இழுத்து விடல. மானிட்டர் மெனுவுல பிரைட்னஸ் முழுசா 100 சதவீதத்துலயே கிடந்துச்சு. பிரிண்ட்டுக்கு வேலை பாக்கறவங்க பொதுவா வெளிச்சத்தை 80லிருந்து 120 நிட்ஸுக்குள்ளதான் (மீட்டர்ல அளக்கற வெளிச்ச அளவு) வைப்பாங்க. மீட்டர் நடுவுல இருந்து நகரவே இல்ல. கொஞ்ச நேரத்துல 'சராசரி டெல்டா ஈ 0.7'னு (கலர் எவ்வளவு பிசகுதுங்கற அளவு, குறைய குறைய நல்லது) ஒரு ரிப்போர்ட்டை நீட்டிட்டார்.

காலிபரேட் பண்ணி முடிச்சா கிடைக்கிற ஐசிசி ப்ரொஃபைல் (கலரைத் திருத்தற ஃபைல்) ஸ்கிரீன் முழுக்க ஒரே திருத்தத்தைத்தாங்க போடும். இந்த மூலைக்கு ஒண்ணு, அந்த மூலைக்கு ஒண்ணுன்னு அதால பிரிச்சுப் போட முடியாது. இடத்துக்கு இடம் சரிபண்ற வசதி மானிட்டருக்குள்ளயே இருக்கணும். எய்ஸோ கலர்எட்ஜ் மாதிரி மாடல்கள்ல இருக்கு. அதுவும் பளிச்சுனு இருக்கற இடத்தைக் குறைச்சு மங்கின இடத்தோட சமப்படுத்தறதுதான், அதனால வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும் கொஞ்சம் அடிவாங்கும். என் மானிட்டர்ல அந்த வசதியே கிடையாது. அப்ப அந்த 2,000க்கு என்ன வேலை நடந்துச்சு?

அவர் கிளம்பினதும் ஸ்கிரீன் முழுக்க நடுச்சாம்பல் போட்டுப் பாத்தேன். அதே ரோஸ், அதே மங்கல். ரிப்போர்ட்டை நிதானமாப் படிச்சா, மாடல் பேர் வேற ஒரு 24 இன்ச் மானிட்டரோடது! யாருக்கோ எடுத்ததுல தேதியை மாத்திக் குடுத்திருக்காங்க. போன் பண்ணா "பேனல் பழசு சார், அப்படித்தான் இருக்கும்"னாங்க. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் போனை எடுக்கறதையே விட்டுட்டாங்க.

யாரையாவது கூப்பிடறதா இருந்தா, குறைஞ்சது 9 இடத்துல அளந்த யூனிஃபார்மிட்டி ரிப்போர்ட் கேளுங்க, அதுல உங்க மானிட்டர் மாடல் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க. மீட்டர் இரவல் கிடைச்சா, டிஸ்ப்ளேகேல்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல நீங்களே இந்த அளவு எடுத்துடலாம். நான் இப்போதைக்கு முகத்தை நடு ஸ்கிரீனுக்கு நகர்த்தி வெச்சுத்தான் கலர் முடிவு பண்றேன். 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு. இதே மாதிரி 'யூனிஃபார்மிட்டி கரெக்ஷன்' பில்லு உங்ககிட்டயும் இருந்தா நீங்களும் பதிவு பண்ணுங்க.