அடலிமுமாப் ஊசி: எட்டு மாத அனுபவம்

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து மட்டும் போதாமல் போனதால் அடலிமுமாப் தொடங்கினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம், தொடையில் நானே போட்டுக்கொள்கிறேன். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலையில், அதுவரை மடங்காத விரல்கள் மடங்கின. தோசைக் கரண்டியைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன்.

ஆனால் பரிசோதனை செய்யாமல் யாரும் தொடங்காதீர்கள். டிஎன்எஃப் என்ற புரதத்தை இது தடுக்கிறது. உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியை வேலி போட்டு அடக்கி வைக்க உதவுவதும் அதே புரதம்தான். நான் முதலில் போன கிளினிக்கில் எதையும் பார்க்காமல் சீட்டு எழுதிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இரண்டாவது மருத்துவர்தான் மாண்டூ (காசநோய்க்கான தோல் பரிசோதனை), மார்பு எக்ஸ்ரே, ஹெபடைடிஸ் பி எல்லாம் பார்த்தார். மாண்டூ பாசிட்டிவ். காசநோய்த் தடுப்பு மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்ட பிறகே முதல் ஊசி.

அப்புறம், போட்ட இடம் இரண்டு நாள் சிவந்து அரிக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் எரிச்சல் குறைவு. சளி பிடித்தால் லேசில் விடுவதில்லை. காய்ச்சல் என்றால் மருத்துவரைக் கேட்காமல் அடுத்த ஊசியைத் தொடுவதில்லை.