எந்த நாடாவிலிருந்து வந்தது? மறுவெளியீட்டு ரொக் இசைத்தட்டுகளோடு ஒரு நீண்டகாலப் பழக்கம்

அறுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி வரை வெளிவந்து, சரியாக விற்காமல், பின்னர் கடைகளிலிருந்தே மறைந்துபோன கராஜ் (சிறு குழுக்களின் முரட்டு ரொக்), சைக்கடெலிக் (மனமயக்க ஒலிகளைத் தேடும் ரொக்), புரோகிரசிவ் (நீண்டு சிக்கலாக அமையும் ரொக்) இசைத்தட்டுகளை மறுவெளியீடுகளின் வழியாகப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். வெள்ளவத்தையில் கடலுக்கு அண்மையில் வசிக்கும் எனக்கு மூலப்பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பது கட்டுப்படியாகாது. அவற்றின் விலை எட்டாது. எட்டினாலும் உப்புக்காற்றும் ஈரப்பதனும் அவற்றை நெடுநாள் விட்டுவைக்கா. மறுவெளியீடுகளே எனக்கு இந்த இசை. அவற்றுள் எதை இன்றும் விருப்பத்தோடு எடுத்துப் போடுகிறேன், எது அலுமாரியில் அசையாமல் நிற்கிறது என்று பார்க்கும்போது, தட்டின் 180 கிராம் எடைக்கும் வண்ண வைனிலுக்கும் மேலதிகப் பாடல்களுக்கும் அதில் பங்கு மிகக் குறைவு என்றே சொல்வேன். எந்த ஒலிநாடாவிலிருந்து, எந்த ஒலிக்கலவையிலிருந்து (தனித்தனியே பதிந்த குரல்களையும் வாத்தியங்களையும் ஒன்றாகச் சேர்த்த வடிவத்திலிருந்து) எடுத்தார்கள் என்பதே ஒரு மறுவெளியீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இதை எனக்கு மிகத் தெளிவாக உணர்த்தியது பிரித்தானியாவின் த ஸொம்பீஸ் குழுவின் 'ஒடிசி அண்ட் ஒரக்கிள்'. 1967 இல் பெரும்பாலும் அபி ரோட் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஆயிரம் பவுண் என்ற சிறிய தொகையில் பதிவான தொகுப்பு இது. எல்லா ஒலியும் ஒரே வழியில் வரும் மோனோ கலவை முடிந்த பிறகு, இசைத்தட்டு நிறுவனம் இடம், வலம் என ஒலியைப் பிரிக்கும் ஸ்டீரியோ கலவையும் வேண்டுமென்று கேட்டபோது பணம் தீர்ந்திருந்தது. பாடல்களை எழுதிய ரொட் ஆர்ஜென்ட்டும் கிறிஸ் வைட்டும் தங்கள் கைப்பணத்தைப் போட்டே அதைச் செய்து முடித்தார்கள். 1968 இல் தட்டு வெளிவருவதற்கு முன்னரே குழு கலைந்துவிட்டது. அதிலிருந்த 'டைம் ஒப் த சீசன்' 1969 இல் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு ஏறியபோது, மேடையேறிப் பாடக் குழுவே இருக்கவில்லை.

மறுவெளியீட்டை வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் 'திஸ் வில் பீ அவர் இயர்' என்ற பாடல். அதில் வரும் பித்தளை வாத்தியங்கள் பல்தட நாடாவில், அதாவது ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் வைத்திருக்கும் நாடாவில், பதிவாகவில்லை. மோனோ கலவை செய்யும் வேளையிலேயே நேரடியாக அதன்மேல் சேர்க்கப்பட்டன. ஆகவே அந்த வாத்தியங்களோடு கூடிய உண்மையான ஸ்டீரியோ வடிவத்தை அன்றைய நாடாவிலிருந்து உருவாக்க வழியில்லை. ஸ்டீரியோப் பதிப்புகள் பலவற்றில் மோனோவை இரு பக்கமும் பிரித்துப் பூசிய போலி ஸ்டீரியோவே இடம்பெற்றது. ஹெட்போன் மாட்டிக் கேட்டால், அதுவரை அகன்று விரிந்திருந்த ஒலி அந்தப் பாடலில் மட்டும் மங்கிக் கலங்குவது தெரியும். மோனோவைக் கலப்படமின்றித் தரும் பதிப்பில் அதே பாடலில் பியானோவும் குரலும் நெஞ்சுக்கு நேரே நிற்கின்றன. பித்தளை வாத்தியங்கள் நுழையும்போது பாடல் முழுவதும் நிமிர்கிறது. நான் மீண்டும் மீண்டும் கேட்பது மோனோப் பதிப்பைத்தான்.

கராஜ் ரொக்கில் இந்த விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும். எலெக்ட்ரா நிறுவனம் 1972 இல் லெனி கே தொகுத்த 'நகெட்ஸ்' என்ற இரட்டைத் தட்டை வெளியிட்டது. 1965 முதல் 1968 வரை அமெரிக்காவின் சிறு குழுக்கள் பதிந்த 27 பாடல்கள் அதில் இருந்தன. மறந்துபோனதைத் தேடியெடுத்து விளக்கக் குறிப்போடு வெளியிடும் வழக்கத்துக்கு அதுவே முன்மாதிரி. 1998 இல் ரைனோ நிறுவனம் அதை நான்கு இறுவட்டுகளில் 118 பாடல்களாக விரித்தது. பெரிய தொகுப்பு அறிவதற்கு நல்லது. கேட்பதற்கு 27 பாடல்களின் வரிசையே சிறந்தது என்பது என் முடிவு. இவை சிறிய வானொலிப் பெட்டிகளை மனதில் வைத்து மோனோவில் கலக்கப்பட்டவை. த சொனிக்ஸ் குழுவின் 1965 ஆம் ஆண்டு முதல் தட்டு இரண்டே தடங்கள் கொண்ட கருவியில், டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே மைக்கை வைத்துப் பதியப்பட்டது. அதன் கரகரப்பே அதன் இசை. மறுவெளியீட்டில் இரைச்சலைக் குறைக்கிறோம் என்று கணினியில் துடைத்துவிட்டால் சிம்பலின் ஒலி நீருக்குள் அடிப்பதுபோல் ஆகிவிடும். அப்படி ஒரு தட்டைப் பாதியிலேயே நிறுத்தினேன்.

புரோகிரசிவ் ரொக்கில் நிலைமை வேறு. பல தடங்களில் அடுக்கடுக்காகப் பதியப்பட்ட இசை அது. அன்றைய கலவையில் புதைந்துபோன அடுக்குகளைப் பல்தட நாடாவிலிருந்து மீண்டும் கலந்து வெளிக்கொணரலாம். பிரித்தானிய இசைஞர் ஸ்டீவன் வில்சன் செய்த கலவைகளை இத்துறையில் மிகுந்த மதிப்போடு குறிப்பிடுவேன். ஜென்டில் ஜயன்ட் குழுவின் 'ஒக்டபஸ்' 1972 இல் வந்தது. அதற்கு அவர் செய்த புதிய கலவை 2015 இல் வந்தது. அதிலுள்ள 'நொட்ஸ்' என்ற பாடலில் ஒன்றையொன்று துரத்திப் பின்னிச் செல்லும் குரல்களை எந்தக் குரல் எங்கே தொடங்குகிறது, எங்கே மற்றதற்கு வழிவிடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பின்தொடர முடிகிறது. பழைய கலவையில் அந்த இடம் எனக்கு ஒரே திரளாகவே கேட்டது. அதே குழுவின் முதல் மூன்று தொகுப்புகளின் பல்தட நாடாக்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. எஞ்சியவற்றை மட்டும் கலந்து 2017 இல் 'த்ரீ பீஸ் சூட்' என்று வெளியிட்டார்கள். கிடைக்காததை இட்டுக்கட்டி நிரப்பாமல், இருப்பதை இருப்பதாகவே கொடுத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லாரும் அப்படி இல்லை. மாஸ்டர் நாடா எனப்படும் மூல நாடா கையில் இல்லாமல், உரியவரிடம் கேட்காமல், பழைய தட்டு ஒன்றை ஊசி வைத்து ஓட்டிப் பதிந்து விற்பவர்களும் உண்டு. பின்னட்டையில் நாடாவைப் பற்றி ஒரு சொல்லும் இராது. மறுவெளியீட்டுக்காக ஒலியைச் சீர்செய்தவரின் (ரீமாஸ்டர் செய்தவரின்) பெயர் இராது. அட்டைப்படம் பழைய அட்டையை ஸ்கான் செய்ததுபோல் மங்கியிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நான் தொடுவதில்லை. தட்டிலிருந்து பதிவதே குற்றம் என்று சொல்லவரவில்லை. நாடா அழிந்துபோன இடத்தில் நல்ல பிரதி ஒன்றைத் தேடிக் கவனமாகப் பதிந்து, அதை வெளிப்படையாக எழுதி, இசைஞர்களுக்கு உரிய பணத்தையும் கொடுத்தால் அது பெரும் தொண்டு.

கொழும்பில் இவற்றை வைத்துப் பேணுவது தனி வேலை. தட்டைச் சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை வந்த அன்றே கிழித்து எறிந்துவிட வேண்டும். அதற்குள் ஈரம் தங்கினால் அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். பிவிசி வெளியுறைகள் வெப்பத்தில் வைனிலோடு வினைபுரிந்து புகைபோன்ற படலத்தை விடுகின்றன. பொலித்தீன் உறையே பாதுகாப்பு. ஜப்பானில் அச்சாகும் சிறிய கடதாசி உறை இறுவட்டுகள் அழகானவை என்றாலும், நம் காலநிலையில் முதலில் பழுப்பேறுபவை அவைதாம். 2022 இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து ஒரு தட்டு ஒரு மாத மின்கட்டணத்தைத் தாண்டியது. அந்த ஆண்டில் பாண்ட்காம்ப் இணையத்தளத்தில் ஃபிளாக் (FLAC) என்ற, தரம் குறையாத ஒலிக்கோப்புகளாக வாங்கத் தொடங்கினேன். நீண்ட மின்வெட்டுகளின்போது கைத்தொலைபேசியில் கேட்டது அந்தக் கோப்புகளைத்தான். ஒலியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தட்டோடு வரும் விபரக் கையேடு கோப்பாக வராத வெளியீடுகளில், யார் வாசித்தார்கள், எங்கே பதிந்தார்கள் என்ற விபரம் முற்றாக விடுபட்டுப்போகிறது. அதற்காகவே இன்றும் சிலவற்றை இறுவட்டாக வாங்குகிறேன்.

அப்படிக் கையேட்டோடு படித்துக் கேட்டதில் என்னை மிக ஆழமாகப் பற்றியது சாம்பியாவின் ரொக் இசை. எழுபதுகளின் நடுவில் செப்பு விலை சரிந்து நாட்டின் பொருளாதாரம் தளர, அங்கு செழித்திருந்த குழுக்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. விட்ச் குழுவின் பாடகர் ஜகாரி, மறுவெளியீடுகளால் பெயர் மீண்டும் பரவிய பின்னர் மேடைக்குத் திரும்பி, 2023 இல் புதிய தொகுப்பும் வெளியிட்டார். அமனாஸ் குழுவின் 1975 ஆம் ஆண்டுத் தொகுப்பான 'அஃப்ரிக்கா'வை நௌ-அகெய்ன் நிறுவனம் இரண்டு கலவைகளோடும் வெளியிட்டது: ஒன்று எதிரொலி சேர்க்காத உலர்ந்த கலவை, மற்றது எதிரொலியில் தோய்ந்தது. எதிரொலிக் கலவையில் கிற்றார் தொலைவிலிருந்து மிதந்து வருகிறது. முதன்முறை கேட்பவரை அது எளிதில் மயக்கும். உலர்ந்த கலவையில் கம்பியை விரல் தொடும் ஒலியும், குரலில் இருக்கும் களைப்பும் மறைவின்றிக் கேட்கின்றன. இரண்டில் எது சரி என்று நிறுவனம் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பவர் கையில் விட்டது நல்ல முடிவு. நான் உலர்ந்த கலவையைத்தான் போடுகிறேன்.