தனியா ஆடுற ஆர்பிஜி: அயர்ன்ஸ்வோர்ன் ஆரம்பிக்கலாமா?

வேளச்சேரில என் செட்டு ஆளுங்களை ஒரு ஞாயித்துக்கிழமை ஒண்ணா உக்கார வைக்கவே முடியல, அதான் தனியா ஆடலாம்னு அயர்ன்ஸ்வோர்ன்ங்கிற ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமா மாறி, டைஸ் உருட்டி கதைய நகர்த்துற ஆட்டம்) எடுத்தேன். 2018ல ஷான் டாம்கின் போட்டது, பிடிஎஃப் ஃப்ரீ.

ஒரு ஆறு பக்க டைஸ், ரெண்டு பத்து பக்க டைஸ், ஒரு நோட்டு, அவ்ளோதான் செலவு. பாரிஸ் கார்னர்ல பத்து பக்க டைஸ் கிடைக்கல, ஆன்லைன்ல வாங்கிட்டேன். கதையில ஏதாவது செய்யப் பாத்தா, ஆறு பக்கத்துல விழுறதோட உங்க கதாபாத்திரத்தோட ஸ்டாட்டை (திறமைக்கான எண்) கூட்டி, ரெண்டு பத்து பக்க டைஸையும் தாண்டுனா முழு வெற்றி, ஒண்ணை மட்டும் தாண்டுனா ஜெயிச்சாலும் ஏதோ ஒரு விலை இருக்கும், ரெண்டையும் தாண்டலேன்னா கதை உங்க மேலயே திரும்பும். சமமா வந்தாலும் தாண்டுனதா கணக்கு இல்ல, இதை முதல்ல தப்பா ஆடிட்டேன்.

கேம் மாஸ்டர், அதாவது வழக்கமா கதைய நடத்துற ஆளு, அவரோட வேலைய ஆரக்கிள் டேபிள் (டைஸ் உருட்டி பதில் பாக்குற பட்டியல்) பாத்துக்குது. கதையில வந்த கிராமத்து ஆளு பொய் சொல்றானான்னு கேட்டு உருட்டுனேன், ஆமான்னு வந்துச்சு, அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லங்க!

ரூல்ஸ் நிறைய, முழுசா படிச்சிட்டு ஆரம்பிக்காதீங்க, உங்க கதாபாத்திரத்துக்கு ஒரு சபதம் எடுத்துட்டு ஆடிக்கிட்டே படிங்க.