ஹெல்த் செஸ் என்று வாங்கி, கட்டாமல் விட்ட இறக்குமதித் தளம்: சர்ஜிகல் சரக்கு எடுப்பவர்கள் உஷார்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார், இந்தப் பக்கம் கோவை வரை சர்ஜிகல் சரக்கு இறக்கும் சின்ன டிஸ்ட்ரிப்யூட்டர்கள் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 2,06,000 ரூபாய் போயிருக்கிறது. ஹெல்த் செஸ் என்ற கூடுதல் இறக்குமதி வரியாக அரசுக்குக் கட்டுவதாகச் சொல்லி வாங்கிய பணம் அரசுக்குப் போகவே இல்லை. அதே 2,06,000 ரூபாயை வட்டியோடு மறுபடி கட்டச் சொல்லி இப்போது கஸ்டம்ஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

ஆள் யார் என்றால், ஒரு ஆன்லைன் இறக்குமதிச் சேவைத் தளம். கப்பல் வாடகை, கஸ்டம்ஸ் கிளியரன்ஸ், வரி, லாரி எல்லாம் ஒரே பில்லில் என்று விளம்பரம் செய்யும் ரகம். சொந்தமாகக் கஸ்டம்ஸ் புரோக்கர் லைசன்ஸ் கிடையாது, வேறொரு லைசன்ஸ்காரர் பெயரில்தான் ஃபைல் பண்ணுகிறார்கள். கஸ்டம்ஸ் கமிஷனரிடம் புகார் போகிறது, அதனால் இங்கே பெயர் போடவில்லை.

நம்ப வைத்த இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் தொழில் தெரிந்தவர்களும் அங்கேதான் விழுவார்கள். கொட்டேஷன் அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஃபோலி கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்), சக்‌ஷன் கதீட்டர் (சளி உறிஞ்சும் குழாய்) இரண்டுக்கும் சுங்க வரி வகைப்பாட்டுக் கோடு 9018 39 10 என்று போட்டிருந்தார்கள். சரியான கோடு. 9018 முதல் 9022 வரையுள்ள தலைப்புகளில் வரும் மருத்துவக் கருவிகளுக்கு 2020 பிப்ரவரியிலிருந்து 5 சதவீதம் ஹெல்த் செஸ் உண்டு, கொட்டேஷனில் அதற்கும் தனியாக ஒரு லைன். அடிப்படைச் சுங்க வரியின் மேல் 10 சதவீதம் சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ், அதற்கும் தனியாக ஒரு லைன். ஐஜிஎஸ்டியைப் (இறக்குமதியில் கட்டும் ஜிஎஸ்டி) போல ஹெல்த் செஸ் கிரெடிட்டில் திரும்பாது, நேரே அடக்க விலையில் ஏறிவிடும் என்று அவர்களே குறிப்பும் எழுதியிருந்தார்கள். இவ்வளவு விவரமாக எழுதுகிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? கதீட்டர்களின் சுங்க மதிப்பு எல்லா லோடும் சேர்த்து 41,20,000. அதில் 5 சதவீதம், 2,06,000. முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.

ஃபைல் செய்த பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரத்தில், இருந்தது வேறு கோடு: 3006 91 00. ஆஸ்டமி உபகரணம்! 30ஆம் அத்தியாயத்தின் 4ஆம் குறிப்பை ஒரு தடவை படித்தவனுக்கே தெரியும், அந்தக் கோடு கொலாஸ்டமி, இலியாஸ்டமி, யூராஸ்டமி பைகளுக்கும் அவற்றைத் தோலில் ஒட்டும் வேஃபர், முகத்தட்டுகளுக்கும் மட்டும்தான். வயிற்றில் துளை போட்டு வெளியே ஒட்டும் பை அது. ஃபோலி கதீட்டர் சிறுநீர்த் துவாரம் வழியாக உள்ளே போய், பலூன் ஊதி நிற்கும் குழாய். யூராஸ்டமி பையிலும் சிறுநீர் வருகிறது என்பதைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் 3006-க்கு ஹெல்த் செஸ் கிடையாது. விஷயம் அவ்வளவுதான். எங்களிடம் 9018 காட்டி செஸ் வாங்கினார்கள், கஸ்டம்ஸிடம் 3006 காட்டி செஸ் கட்டாமல் விட்டார்கள், நடுவில் நின்ற தொகை அவர்கள் கையில்.

இத்தனை லோடு எப்படித் தாண்டியது? எந்தப் பில்லைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்கும் கஸ்டம்ஸின் ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தில் பெரும்பாலான பில்கள் பரிசோதனை இல்லாமலே வெளியே வந்துவிடும். ஔட் ஆஃப் சார்ஜ் (சரக்கை வெளியே விடும் உத்தரவு) கிடைத்தால் கோடு சரி என்று அர்த்தமில்லை. போஸ்ட் கிளியரன்ஸ் ஆடிட் பின்னால் வரும். இன்வாய்ஸில் ‘சிலிகான் ஃபோலி, 2 வே, 16 ஃப்ரெஞ்ச்’, கோடு பத்தியில் ஆஸ்டமி. ஆடிட்டர் கண்ணில் படாமல் எப்படி இருக்கும்? வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம், 2,06,000-க்கு வருடம் 30,900. சாதாரண வழக்கில் பின்னோக்கி 2 வருடம் வரை வரி கேட்கலாம், வேண்டுமென்றே மறைத்ததாகத் துறை சொன்னால் 5 வருடம், அப்போது வரிக்குச் சமமான பெனால்டி வரை போகலாம்.

கணக்காளரும் ஏன் பிடிக்கவில்லை என்றால், ஜிஎஸ்டிஆர் 2பி-யில் (ஜிஎஸ்டி போர்ட்டல் தானாகத் தரும் கிரெடிட் அறிக்கை) ஐஜிஎஸ்டி ஒழுங்காக வந்து நின்றது. அந்தத் தொகையை மட்டும் பைசா மாறாமல் பில் போட்டிருந்தார்கள். பில் ஆஃப் என்ட்ரி நகல் கேட்டபோதெல்லாம் தங்கள் லோகோ போட்ட ‘டியூட்டி சம்மரி’ ஒன்றைத்தான் அனுப்பினார்கள்.

கேட்டதற்குக் கிடைத்த பதில்களைப் பாருங்கள். முதலில் “ஒந்நும் பேடிக்கண்டா சேட்டா (ஒன்றும் பயப்பட வேண்டாம் அண்ணா), சிஸ்டம் மேப்பிங் பிழை, திருத்திடலாம்.” அப்புறம் டிக்கெட் எண். அந்த டிக்கெட் ‘தீர்க்கப்பட்டது’ என்று தானாக மூடிக்கொண்டது. அப்புறம் தமிழ் பேசும் ஒரு பையன், “அண்ணே, கோடு போட்டது கஸ்டம்ஸ்காரங்க.” இது பச்சைப் பொய். 2011-லிருந்து செல்ஃப் அசெஸ்மென்ட் (வரியைத் தாக்கல் செய்பவரே கணக்கிடுவது), கோடு போடுவது ஃபைல் பண்ணுகிறவர். அடுத்தவரோ அதையே திருப்பிப் போட்டார்: “செல்ஃப் அசெஸ்மென்ட் சார், இம்போர்ட்டர்தான் பொறுப்பு.” கடைசியாக, நாங்கள் புரோக்கரே இல்லை, டெக்னாலஜி பிளாட்ஃபார்ம் மட்டும்தான் என்று ஒரு மெயில். சரி, 2,06,000 ரூபாயை என்ன பெயரில் வாங்கினீர்கள் என்று கேட்டோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இன்னொன்று இதைவிட மோசம். ஊசி கோத்து வரும் ஸ்டெரைல் சூச்சருக்கு (அறுவைத் தையல் நூல்), ஊசி இருக்கிறதே என்று சொல்லி 9018 32 காட்டிச் செஸ் வாங்கியிருக்கிறார்கள். ஃபைல் செய்ததோ 3006 10, அதுதான் சரியும்கூட. தனியாக வரும் ஊசிதான் 9018 32. ஃபைலிங் சரியாக இருப்பதால் இதில் ஆடிட் கடிதமே வராது, பணம் போனது தெரியவே தெரியாது. இந்தத் தொகை அந்த 2,06,000-இல் சேரவில்லை, இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவர்களிடம் சூச்சர் எடுத்தவர்கள் இன்றைக்கே பழைய பில்களை எடுத்துப் பாருங்கள்.

பார்ப்பது எப்படி: 2பி-யில் இறக்குமதியின் வரிக்குரிய மதிப்பு என்று ஒரு எண் இருக்கும். அதிலிருந்து சுங்க மதிப்பு, அடிப்படை வரி, சர்சார்ஜ் மூன்றையும் கழியுங்கள். செஸ் கட்டியிருந்தால் அந்தத் தொகை மிஞ்ச வேண்டும். பூஜ்யம் வந்தால் கட்டவில்லை.

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை, அவசரமாகச் சில:

ஃபைல் செய்யும் முன் பில் ஆஃப் என்ட்ரியின் வரைவான செக்லிஸ்ட்டை வாங்குங்கள், கோட்டின் எட்டு இலக்கமும் பார்த்து மெயிலில் ஒப்புதல் கொடுங்கள். வாட்ஸாப்பில் ‘ஓகே’ போதாது.

கஸ்டம்ஸின் ஆன்லைன் தளமான ஐஸ்கேட்டில் உங்கள் ஐஇசி-யில் (இறக்குமதி-ஏற்றுமதிப் பதிவு எண்) நீங்களே பதிவு செய்து வரியை நேராகக் கட்டுங்கள். ஏஜென்ட்டுக்கு அவர் கூலி மட்டும்.

கையுறையில் ரப்பர் என்றால் மருத்துவ உபயோகத்துக்கு 4015 12, வினைல் என்றால் 3926 20. காயம் கட்டும் காஸ் துணி மருந்து தோயாமல், சில்லறைப் பொதியாகவும் இல்லாமல் ரோலாக வந்தால் 3005 கிடையாது, துணி அத்தியாயத்துக்குப் போகும். இந்த இடங்களிலும் விளையாடுவார்கள்.

சந்தேகம் உள்ள பொருளுக்கு எந்தக் கோடு என்று முன்கூட்டியே முடிவு சொல்லும் அட்வான்ஸ் ரூலிங் கேளுங்கள்.

கடிதம் வந்துவிட்டால் ஷோகாஸ் நோட்டீஸ் (விளக்கம் கேட்கும் நோட்டீஸ்) வரும்வரை காத்திருக்க வேண்டாம். மறைத்ததாகக் குற்றச்சாட்டு இல்லாதபோது, முன்பே வட்டியோடு கட்டினால் பெனால்டி இல்லை. கட்டிவிட்டு ஏஜென்ட்டைத் துரத்துங்கள். வரிக்கென்று வாங்கிய பணத்தை உடனே அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று 2018 கஸ்டம்ஸ் புரோக்கர் லைசன்ஸிங் விதிகளில் 10ஆவது விதி சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, யார் பெயரில் பில் ஃபைல் ஆனதோ அந்த லைசன்ஸ்காரர் மேலேயே கமிஷனருக்கு எழுதுங்கள். தளத்தோடு மட்டும் சண்டை போட்டால் டிக்கெட் எண்தான் மறுபடி வரும்.