‘நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?’ என்று கேட்கும் பட்டறையில் காரை விடாதீர்கள்

கோலாலம்பூரில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டல் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்ஜினைப் பிரித்து வேலை பார்க்கக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் வண்டி 1972ஆம் ஆண்டு 1300 மாடல். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அப்பாவின் கார். எந்தப் பாகத்தைக் கழற்றிப் பூட்டினாலும் அதன் ஓரத்தில் ஒரு பொட்டு நீலப் பெயிண்ட் வைப்பது அவர் வழக்கம். ‘இதை என் கை தொட்டிருக்கிறது’ என்பதற்கு அது அடையாளம். அவர் காலமான பிறகு இரண்டு வருடம் வண்டி வீட்டு முன்னாலேயே நின்றது. எண்ணெய் ஒழுக ஆரம்பித்ததும், காற்றுக் குளிர்ச்சி என்ஜின்களில் கைதேர்ந்தவர் என்று முகநூலில் விளம்பரம் செய்திருந்த ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். முதலாளி தமிழர். ‘தங்கச்சி, அப்பா வண்டி என்கிறீர்கள், என் சொந்த வண்டி மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். மூன்று வாரம் என்றது பதினொரு வாரம் ஆனது. 4,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். ரசீதில் இரண்டே வரி: என்ஜின் வேலை, உதிரிப் பாகங்கள்.

வண்டியை எடுத்த நாளிலிருந்தே காலையில் முரண்டு பிடித்தது. ஸ்டார்ட் ஆகும், இரண்டு மூன்று நிமிடம் ஓடும், பிறகு சிக்னலில் நின்றால் இருமி அணைந்துவிடும். கேட்டதற்கு, ‘புது என்ஜின் மாதிரி தங்கச்சி, ஓட ஓடச் சரியாகும்’ என்றார். நம்பினேன். தினமும் மூன்று கிலோமீட்டர் தூரத்திலுள்ள வேலைக்குத்தான் ஓட்டினேன். இரண்டு மாதம் கழித்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தபோது அதன் உட்புறம் முழுவதும் பால் காப்பி நிறத்தில் களிம்பு படிந்திருந்தது. எண்ணெய் அளக்கும் கம்பியை மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டிசம்பரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனேன். ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சித்தி வீடு. தாப்பாவிலிருந்து மலைப்பாதை முழுவதும் தூறல். மேலே ஏற ஏற என்ஜின் மூச்சுத் திணறியது. ரிங்லெட்டைத் தொடுவதற்குள் நான்கு தடவை அணைந்தது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், பின்னால் காய்கறி லாரிகள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் காலை, மூடுபனிக்குள், பின்பக்க மூடியைத் திறந்து என்ஜினை ஓடவிட்டார். ஐந்தாறு நிமிடத்தில் என் கையைப் பிடித்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குக் கீழே உள்ள குழாயின் கழுத்தில் வைத்தார். ஐஸ் பெட்டிக்குள் கை விட்டது போல இருந்தது. விரலை எடுத்தபோது நகத்தில் வெள்ளையாகப் பனித்தூள் ஒட்டியிருந்தது. மலேசியாவில், ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில், பனி!

பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள உலோகத்தின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. காற்று 15 டிகிரியில் ஈரமாக இருந்தால் போதும், அந்த ஈரமே உள்ளே உறைந்து வழியை அடைக்கும். இது நடக்காமல் இருக்கத்தான் அந்தக் குழாயின் அடியில் ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. சைலன்சரிலிருந்து சூடான புகை அதன் வழியே வந்துபோகும். பெரியவர் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, மெல்லிய குழாய் சைலன்சரோடு சேரும் இடத்தில் நடுவே வைக்கும் தகடான கேஸ்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் ஓட்டையே இல்லை. சும்மா ஒரு தகட்டை வெட்டி வைத்து, சூட்டுக்கு வழியை அடைத்துவிட்டிருந்தார்கள். காற்று வடிகட்டியின் மூக்கிலிருந்து சிலிண்டர் பக்கம் இறங்கிச் சூடான காற்றை இழுத்துவரும் நெளிகுழாயும் இல்லை.

பிறகு அவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் சத்தமே இல்லை. வெளியே வந்தவர், ‘யாரம்மா இந்த வேலையைச் செய்தது? துருத்தியைக் காணோமே’ என்றார்.

இந்தத் துருத்தியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பீட்டல் என்ஜினில் தண்ணீர் கிடையாது. விசிறி அடிக்கும் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. விசிறியோ என்ஜின் ஓட ஆரம்பித்த நொடியிலிருந்து சுற்றுகிறது. அப்படியானால் என்ஜின் எப்படிச் சூடேறும்? அதற்காக விசிறிக் கூட்டுக்குள் இரண்டு தடுப்புத் தகடுகள் இருக்கின்றன. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அவை காற்றை மறிக்கும். வலப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில் உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைத் துருத்தி ஒன்று இருக்கும், அதுதான் தெர்மோஸ்டாட். 65 முதல் 70 டிகிரி சூட்டில் அது நீண்டு, ஒரு கம்பியைத் தள்ளித் தகடுகளைத் திறக்கும். துருத்தி ஓட்டை விழுந்து கெட்டாலும் நீண்ட நிலையில்தான் நிற்கும், காற்று தடைபடாது. கெட்டால்கூட என்ஜினைக் காப்பாற்றும்படி யோசித்துச் செய்த பொருள். அதைக் கழற்றியெறிய எந்தக் காரணமும் இல்லை. திறந்திருக்கும்போது அந்தத் தகடுகள் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டு அனுப்பவும் உதவுகின்றன.

என் வண்டியில் போலத் துருத்தியும் தகடுகளும் இல்லாவிட்டால், கோலாலம்பூரிலும் காலை 24 டிகிரியில் என்ஜின் சூடேற வெகுநேரம் பிடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். உள்ளே ஊறும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலக்கும். நான் மூடியில் பார்த்த களிம்பு அதுதான். குறைந்த தூரம் ஓட்டுபவர்களுக்கே சேதம் அதிகம். குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் மின்சார சோக், என்ஜின் சூட்டைப் பார்ப்பதில்லை, தன் நேரம் வந்ததும் திறந்துவிடும். என் வண்டி சிக்னலில் அணைந்ததற்கும் இதுவே காரணம்.

பெரியவர் கேஸ்கெட்டில் ஓட்டை போட்டு, பழைய குழாய் ஒன்றை வடிகட்டிக்குப் பொருத்தி அனுப்பினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மலையிலிருந்து இறங்கிய வாரமே பட்டறைக்குப் போனேன். ‘நம் ஊர் வெயிலுக்கு அதெல்லாம் எதற்குத் தங்கச்சி? ஜெர்மனி குளிருக்கு வைத்தது. எடுத்துவிட்டால் என்ஜின் இன்னும் குளுகுளுவென்று ஓடும்’ என்றார். சரி, கழற்றியதைக் கொடுங்கள் என்றேன். ‘பழைய இரும்போடு போய்விட்டது.’ அவர் போன் பேச வெளியே போனபோது உள்சுவரைப் பார்த்தேன். கம்பியில் கோர்த்து, துடைத்துச் சுத்தமாக, நான்கு ஜோடித் தடுப்புத் தகடுகள் தொங்கின. மூன்றாவது ஜோடியின் ஓரத்தில் நீலப் பொட்டு.

கை நடுங்கியது. ஆனாலும் படம் எடுத்துக்கொண்டேன். அது வேறு வண்டியுடையது என்று அவர் சாதித்தார். பழைய அசல் தகடுகளைத் தேடி அலைபவர்கள் உண்டு, நல்ல விலை கொடுப்பார்கள். வெயில் என்ற சாக்கு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கொடுத்தேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அப்பாவின் பழைய படங்களில் என்ஜின் பிரித்துக் கிடக்கும் ஒன்றில் அந்த நீலப் பொட்டு தெளிவாகத் தெரிந்தது. அதையும் இணைத்தேன். விசாரணைக்கு முன்பே 1,200 வெள்ளியும், செய்தித்தாளில் சுற்றிய தகடுகளும் வந்து சேர்ந்தன. ஒத்துக்கொண்டேன். இன்னும் வாதாட என்னிடம் தெம்பு இல்லை.

நீங்கள் வண்டியை விடுவதற்கு முன் வலப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியிலுள்ள சிறு தகட்டைக் கழற்றச் சொல்லி, துருத்தி இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் பாகங்கள் எல்லாம் எனக்கே திரும்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வண்டி திரும்பி வந்ததும், குளிர்ந்த என்ஜினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் கழித்து அந்த மெல்லிய குழாயின் இரண்டு முனைகளுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட முடியாத சூடு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

துருத்தி மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது புதியது ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும், ஓரத்தில் நீலப் பொட்டு வைத்த பித்தளைத் துருத்தி எங்காவது விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.